தாத்தா வரலாறு பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் தட்டோடு எழுந்து போகிறார்கள்

கேள்வி

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எங்களுடையது பெரிய குடும்பம். நீண்ட விடுமுறை வந்தால் என் மாமனார் வீட்டில் எல்லாரும் கூடிவிடுவோம். கணவரின் அண்ணன் குடும்பம், நாத்தனார் குடும்பம், நாங்கள். பகலில் ஆளுக்கொரு பக்கம் இருந்தாலும் இரவுச் சாப்பாடு எல்லாரும் சேர்ந்துதான் என்பது மாமனார் போட்ட விதி. எனக்கும் பிடித்த விதிதான் அது.

மாமனார் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 76. நிறையப் படித்தவர், அழகாகப் பேசுவார். கல்யாணமான புதிதில் அவர் பேச்சைக் கேட்பதற்காகவே சாப்பிட்ட கை காயக் காய உட்கார்ந்திருப்பேன். ஆனால் பேரப்பிள்ளைகளைப் பார்த்தால் மட்டும் அவருக்குள் இருக்கும் வகுப்பறை விழித்துக்கொள்ளும். கதையாகத் தொடங்குவது சீக்கிரமே "எந்த ஆண்டு? யார் ஜெயித்தது? சொல்லு பார்ப்போம்" என்று போய் நிற்கும்.

போன விடுமுறையில் என் மகனிடம் (வயது 13) முதல் உலகப் போர் எந்த ஆண்டு தொடங்கியது என்று கேட்டார். அவன் "1939" என்றான். "பெரிய பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறான்!" என்று அவனுடைய பெரியப்பா சத்தமாகச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆனால் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவன் தட்டில் போட்டுக்கொண்டு மாடி அறைக்குப் போய்விட்டான். ஊர் திரும்பும் வரை கீழே உட்கார்ந்து சாப்பிடவே இல்லை.

அதே இரவில் என் மகள் (வயது 9) நடுவில் புகுந்து, "தாத்தா, போர் நடந்தப்போ சின்னப் பசங்க எல்லாம் என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள். "பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாதே, கேள்வி கடைசியில" என்று சொல்லிவிட்டார். கடைசி என்று ஒன்று வரவே இல்லை. நாத்தனார் மகனுக்கு 6 வயது. அவன் முன்னால் போனை வைத்துவிட்டால் போதும், அவன் அங்கே இருப்பதே தெரியாது.

இன்னொன்றும் நடந்தது. மகள் பழைய படங்களைப் புரட்டும்போது மாமனாரின் அக்கா படத்தைப் பார்த்திருக்கிறாள். எட்டு வயதில் பெரியம்மை வந்து இறந்துபோனவர். அப்போது மாமனாருக்கு ஐந்து வயது இருக்கும் என்று மாமியார் ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். மகள் அந்தப் படத்தைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்து "இது யாரு?" என்று கேட்டுவிட்டாள். மாமனார் பதில் சொல்லாமல் கை கழுவ எழுந்துவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் எதுக்கு?" என்று நாத்தனார் படத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

அடுத்த விடுமுறை நெருங்குகிறது. பிள்ளைகளை முன்னாடியே சாப்பிட வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை என்கிறார் நாத்தனார். "அப்பா அப்படித்தான், விடு" என்கிறார் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. மாமனாரிடம் இருக்கும் கதைகள் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் மருமகளாக இருந்துகொண்டு அவரிடம் "இப்படிப் பேசாதீர்கள்" என்று எப்படிச் சொல்வது? போர், சாவு மாதிரி விஷயங்களைப் பண்டிகைச் சாப்பாட்டின்போது பிள்ளைகள் காதில் போடலாமா? வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி


பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் மகளின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அன்று அந்த மேசையில் பேசப்பட்டதிலேயே அதுதான் உருப்படியான கேள்வி. போர் நடந்தபோது பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று வரலாற்றாளர்களே வெகுகாலம் பெரிதாகக் கேட்டுக்கொண்டதில்லை. ஃபிலிப் ஆரியெஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாளர் குழந்தைப் பருவத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்று 1960இல் எழுதினார். அதன் பிறகுதான் அந்தப் பக்கம் பலருடைய கவனம் திரும்பியது. (அவர் சொன்னதில் பாதியைப் பின்னால் வந்தவர்கள் மறுத்துவிட்டார்கள், அது வேறு கதை.) உங்கள் மகள் 9 வயதில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பதிலும் இருக்கிறது. 1939 செப்டம்பர் 1 அன்று, பிரிட்டன் போர் அறிவிப்பதற்கு இரண்டு நாள் முன்பே, லண்டன் போன்ற பெரிய நகரங்களிலிருந்து பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். விமானங்கள் வந்து குண்டு போடும் என்ற பயம். சில நாட்களுக்குள் சுமார் 15 லட்சம் பேர் இடம் மாறினார்கள், அதில் பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். சட்டையில் பெயர் எழுதிய அட்டை, தோளில் விஷவாயு முகமூடி வைத்த பெட்டி, கையில் ஒரு பை. பெரும்பாலோருடன் அப்பா அம்மா கிடையாது, ஆசிரியர்தான் துணை. யார் வீட்டில் தங்கப் போகிறோம் என்பது போய்ச் சேரும்வரை தெரியாது. பல ஊர்களில் பிள்ளைகளை ஒரு ஹாலில் நிற்க வைத்துவிட, ஊர்க்காரர்கள் வந்து ஆளுக்கொரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப் போனார்கள். யாரும் தேர்ந்தெடுக்காமல் கடைசியில் நின்ற பிள்ளை என்ன நினைத்திருக்கும்? அண்ணனை ஒரு வீட்டிலும் தங்கச்சியை வேறு வீட்டிலும் விட்டால்? இதைச் சொல்லிவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டால் போதும், மிச்சத்தை உங்கள் மகள் பார்த்துக்கொள்வாள்.

இப்போது 1939 என்ற எண்ணைக் கவனியுங்கள். உங்கள் மகன் சொல்லிச் சிரிப்புக்கு ஆளான ஆண்டு அது. கேட்ட போருக்கு அது தவறு, அது 1914. ஆனால் அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அடுத்த உலகப் போர் தொடங்கிய ஆண்டைச் சொன்னான். அங்கே யாராவது ஒருவர் "அது ரெண்டாவது போருடா. ரெண்டுக்கும் நடுவுல 25 வருஷம்தான். 1914இல் உன் தங்கச்சி மாதிரி சின்னப் பிள்ளையா இருந்தவங்க 1939இல் முப்பத்தி சொச்சம் வயசு அப்பா அம்மா. முதல் போரைப் பிள்ளையா பார்த்தவங்க, ரெண்டாவது போருக்குத் தங்கள் பிள்ளைகளை ரயில் ஏத்தினாங்க. அவங்க மனசுல என்ன ஓடியிருக்கும்?" என்று கேட்டிருந்தால் அண்ணனின் தவறான விடையும் தங்கையின் கேள்வியும் ஒரே கதையாகச் சேர்ந்திருக்கும். அதைச் சேர்த்துவிடக்கூடிய அறிவு அந்த வீட்டில் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது, அவர் உங்கள் மாமனார். அதனால்தான் அவரைப் பிரச்சினையாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகளைப் பேச்சில் சேர்ப்பது என்றால் பலரும் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைப்பது என்று நினைக்கிறார்கள். இல்லையென்றால் அவர்களிடம் ஏதாவது கேட்பது. இரண்டும் போதாது. கலிஃபோர்னியாவில் சில குடும்பங்களின் இரவுச் சாப்பாட்டுப் பேச்சைப் பதிவு செய்து எலினோர் ஆக்ஸ், கரோலின் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1990களில் எழுதினார்கள். அந்த மேசைகளில் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு நிறைய இருந்தது, பிள்ளைகள் தாங்களாகத் தொடங்கிய கதை குறைவு. பள்ளியில் என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தாய் என்று பெரியவர்கள் விசாரித்து, பெரியவர்களே தீர்ப்பும் சொன்னார்கள். பிள்ளை அங்கே பேசுபொருள், பேசுகிறவன் இல்லை. உங்கள் மகனுக்கு நடந்ததும் இதேதான். அவனைப் பேச்சில் சேர்க்கத்தான் தாத்தா கேள்வி கேட்டார், ஆனால் சேர்ந்தது அவனுடைய மதிப்பெண்.

ஒரு பிள்ளை சொன்னதால் பேச்சு வேறு பக்கம் திரும்பினால் அந்தப் பிள்ளை பேச்சில் இருக்கிறது என்று அர்த்தம். நான் பார்க்கும் குடும்பங்களில் இந்த ஒன்றைத்தான் கவனிக்கிறேன்.

இதற்கு வரலாற்றிலேயே ஒரு நல்ல கதை உண்டு, பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லலாம். 1930 மார்ச் 14, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரம். வெனிஷியா பர்னி என்ற 11 வயதுப் பெண் காலை உணவுக்கு உட்கார்ந்திருக்கிறாள். தாத்தா ஃபால்கனர் மேடன் செய்தித்தாளைப் பார்த்து, நெப்டியூனுக்கு அப்பால் புதிய கிரகம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம், இன்னும் பெயர் வைக்கவில்லையாம் என்று சொல்கிறார். அவளுக்குக் கிரேக்க, ரோமானியப் புராணங்கள் பழக்கம். இருண்ட பாதாள உலகத்தின் கடவுள் பெயரைச் சொல்லி, 'புளூட்டோ' என்று வைக்கலாமே என்கிறாள். சின்னப் பிள்ளையின் பேச்சு என்று தாத்தா தாளைத் திருப்பிவிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் எழுந்துபோய் ஹெர்பர்ட் டர்னர் என்ற வானியல் பேராசிரியரிடம் விஷயத்தைச் சேர்த்தார். கிரகத்தைக் கண்டுபிடித்த அமெரிக்காவின் லோவல் ஆய்வகத்துக்கு டர்னர் தந்தி அடித்தார். மே 1ஆம் தேதி அந்தப் பெயரே அறிவிக்கப்பட்டது. தாத்தா அவளுக்கு ஐந்து பவுண்டு பரிசு கொடுத்தார்.

அந்த வீட்டுக்கு இது புதிதும் இல்லை. செவ்வாயின் இரண்டு நிலாக்களுக்கு ஃபோபோஸ், டெய்மோஸ் என்ற பெயர்களைச் சொன்னது அந்தத் தாத்தாவின் சகோதரர் ஹென்றி மேடன். 2006இல் புளூட்டோவைக் கிரகங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், வெனிஷியா அதையும் பார்க்க உயிரோடு இருந்தார். அதே ஆண்டு புளூட்டோவை நோக்கிக் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் மாணவர்கள் செய்த தூசி அளக்கும் கருவிக்குப் பின்னர் அவர் பெயரையே வைத்தார்கள். உங்கள் மகனிடம் சொல்லிப் பாருங்கள், "அப்போ புளூட்டோ கிரகமா இல்லையா?" என்ற சண்டையே அரை மணி நேரம் ஓடும். அந்தச் சண்டையில் அவன் தாத்தாவைவிட அதிகம் தெரிந்தவனாகக்கூட இருக்கலாம்.

சரி, மாமனாரிடம் எப்படிப் பேசுவது?

"இப்படிப் பேசாதீர்கள்" என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், உங்கள் கணவரும் சொல்ல வேண்டாம். வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிப் பழகியவர் அவர். அந்த வகுப்பறை இப்போது இல்லை. வருஷத்துக்குச் சில நாள் கிடைக்கும் இந்த மேசைதான் மிச்சம். அதையும் குறை சொன்னால் பேச்சையே நிறுத்திக்கொள்வார், அது உங்கள் நோக்கத்துக்கே எதிர். அவரிடம் உதவி கேளுங்கள். விடுமுறைக்கு முன்பே போனில், வேறு யாரும் இல்லாத நேரத்தில், "மாமா, பாப்பா அன்னைக்குக் கேட்டாளே, போர் நடந்தப்போ பசங்க என்ன பண்ணாங்கன்னு. இன்னும் அதையே கேட்டுக்கிட்டு இருக்கா. எனக்குப் பதில் தெரியல. இந்தத் தடவை நீங்க அவளுக்குச் சொல்லணும்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல ஆசிரியருக்கு மாணவியின் கேள்வி காத்திருக்கிறது என்பதைவிடப் பெரிய அழைப்பு கிடையாது. அவர் தயாராக வருவார். ஒருவேளை ரொம்பத் தயாராக வந்து நீளமாகப் பேசலாம், பரவாயில்லை.

அப்புறம், மேசையில் கேள்வியின் வகையை நீங்களே மாற்றலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். விடை தெரிந்தவர் கேட்டால் அது தேர்வு. விடை தெரியாதவர் கேட்டால்தான் அது பேச்சு. மாமனார் "எந்த ஆண்டு?" என்று ஆரம்பித்தால், உடனே நீங்கள் "மாமா, நீங்க இவன் வயசுல இருக்கும்போது உங்க வாத்தியார் இதை எப்படிச் சொல்லிக் கொடுத்தார்?" என்று அவர் பக்கம் திருப்பிவிடுங்கள். அவர் சின்ன வயதுக்குப் போய்விடுவார். பிள்ளைகளுக்கு முதல் உலகப் போரைவிடத் தாத்தா அடி வாங்கினாரா இல்லையா என்பதில் ஆர்வம் அதிகம், அதில் தவறொன்றும் இல்லை. அடிக்கு அஞ்சிய ஐந்தாம் வகுப்புப் பையனின் கதைக்குள் அந்தக் காலத்துப் பள்ளி, பயணம், விளக்கு, சம்பளம் எல்லாம் தானாக வந்துவிடும்.

சின்னவர்களோடு நடந்துபோன விஷயங்களைப் பற்றிப் பெற்றோர் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை நியூசிலாந்தைச் சேர்ந்த உளவியலாளர் எலெய்ன் ரீஸ் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். "அப்புறம் என்ன ஆச்சு?", "அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று திறந்த கேள்வி கேட்டு, பிள்ளை சொன்னதோடு கொஞ்சம் சேர்த்துச் சொல்லும் பெற்றோரின் பிள்ளைகள் தங்கள் கடந்த காலத்தை விரிவாகச் சொல்லப் பழகுகிறார்கள் என்பது அந்த ஆய்வுகளின் சாரம். இதற்குப் பட்டப் படிப்பு தேவையில்லை. பொறுமைதான் தேவை. ஆறு வயதுப் பிள்ளை ஒரு வாக்கியத்தை முடிக்க எடுக்கும் நேரம் பெரியவர்களுக்கு யுகம் மாதிரி இருக்கும். அந்த இடைவெளியில் யாராவது புகுந்து முடித்துவைக்கத் துடிப்பார்கள். துடிக்கட்டும், விடாதீர்கள்.

அந்த ஆறு வயதுக்காரனுக்கு 1914க்கும் 1939க்கும் வித்தியாசம் கிடையாது. இரண்டுமே 'ரொம்ப நாளுக்கு முன்னாடி'தான். ஆண்டுகளை அவனிடம் சொல்லிப் பயனில்லை. "தாத்தாவோட தாத்தா உன் மாதிரி இருந்தப்போ" என்றால் பிடித்துக்கொள்வான். கையில் தொட்டுப் பார்க்க ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது: பழைய நாணயம், கடிதம், சாவி, மூக்குக் கண்ணாடி. போனைப் பிடுங்கினால் அழுகைதான் வரும். பொருளைக் கையில் கொடுத்தால் போனை அவனே கீழே வைக்க வாய்ப்பு இருக்கிறது. வைக்காவிட்டாலும் அதற்காக அன்றைய சாப்பாட்டைப் போர்க்களமாக்க வேண்டாம். கால் மணி நேரம் உட்கார்ந்தான் என்றால் அந்த வயதுக்கு அதுவே அதிகம், எழுந்து ஓடினால் ஓடட்டும்.

நாத்தனார் சொல்லும் யோசனை, அதாவது பிள்ளைகளுக்கு முன்னாடியே சாப்பாடு போட்டுவிடுவது, மிகவும் சின்னவனுக்குப் பசித்தால் மட்டும் சரி. மற்ற இருவருக்கும் வேண்டாம். பெரியவர்கள் எப்படிக் கருத்து வேறுபடுகிறார்கள், எப்படிக் கேலி செய்கிறார்கள், எப்படிச் சமாதானம் ஆகிறார்கள் என்று பிள்ளைகள் பார்க்கும் இடம் அது. சொல்வளமும் அங்கிருந்து வருகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஸ்னோவும் அவருடைய குழுவினரும் குடும்பங்களின் சாப்பாட்டு நேரப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது, பிள்ளைகள் வேறு இடத்தில் அதிகம் கேட்காத சொற்கள், கதை சொல்லும்போதும் ஒன்றை விளக்கும்போதும் அங்கே வந்து விழுவதைக் கண்டார்கள்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். 13 வயதில் பத்துப் பேர் முன்னால் சிரிப்பாவது சின்ன விஷயம் இல்லை. அந்த வயதில் சாப்பாடு இறங்காமல் போக அது போதும். "யாரும் வேணும்னு சிரிக்கல" என்று சமாதானம் சொல்லாதீர்கள், அவன் பட்டதை இல்லை என்று சொல்வதாக ஆகும். அவன் சொன்ன 1939க்குப் பின்னால் இருக்கும் கதையை நான் மேலே சொன்ன மாதிரி அவனிடம் தனியாகச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கணவர் தன் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். இது மருமகள் செய்யும் வேலை அல்ல, தம்பி செய்யும் வேலை. "அன்னைக்குச் சிரிச்சது அவனுக்கு மனசுல தங்கிடுச்சு, இந்தத் தடவை கொஞ்சம் பார்த்துக்கோங்க அண்ணா" என்றால் போதும். "அப்பா அப்படித்தான்" என்று சொல்கிறவருக்கு இதையாவது செய்யும் பொறுப்பு இருக்கிறது.

மகனுக்கு மேசையில் ஒரு வேலை கொடுங்கள், பரீட்சை வேண்டாம். தாத்தா பேசுவதை, அவர் சம்மதத்தோடு, போனில் பதிவு செய்யும் பொறுப்பை அவனிடம் விடலாம். பதிவு செய்கிறவன் கேள்வி கேட்கலாம், நடுவில் நிறுத்தி "திரும்பச் சொல்லுங்க தாத்தா" எனலாம். கேட்கப்படுகிறவன் கேட்கிறவனாக மாறிவிடுகிறான். முதல் நாளே ஒத்துக்கொள்வான் என்று எதிர்பார்க்காதீர்கள். தட்டோடு மாடிக்குப் போனால் போகட்டும், கூப்பிட்டு மானத்தை வாங்க வேண்டாம். கீழே நடக்கும் பேச்சு சுவாரசியமாக இருந்தால் மாடிப்படிக்குக் காது உண்டு.

இனி கடினமான கேள்வி. சோகமான வரலாற்றைப் பண்டிகைச் சாப்பாட்டில் பேசலாமா?

பேசலாம், ஆனால் யாருடைய சோகம் என்று பார்க்க வேண்டும். போர், கொள்ளைநோய், பஞ்சம் பற்றியெல்லாம் 9 வயதுப் பிள்ளை ஏற்கெனவே எங்கேயோ கேட்டிருக்கும். பெரியவர் நிதானமாக, பயமுறுத்தாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் அதைத் தாங்கும். காயங்களின் விவரணை வேண்டாம். யார் உதவினார்கள், பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. தூங்கப் போகும் நேரத்துக்கு நெருக்கமாக வேண்டாம், அவ்வளவுதான்.

மாமனாரின் அக்கா விஷயம் வேறு. அது அவருடைய சோகம். ஐந்து வயதில் கூட விளையாடியவளை இழந்த பையனுக்கு அந்தக் காலத்தில் யாரும் எதையும் விளக்கியிருக்க மாட்டார்கள். அவர் எழுந்து கை கழுவப் போனதை நான் கோபமாகப் பார்க்கவில்லை. உங்கள் மகள் செய்ததும் தவறில்லை. அவளிடம், "அது தாத்தாவோட அக்கா. சின்ன வயசுலேயே நோய் வந்து இறந்துட்டாங்க. தாத்தாவுக்கு அதைப் பத்திப் பேசக் கஷ்டமா இருக்கு. நீ கேட்டதுல தப்பு இல்லை" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மூடி வைத்தால் பிள்ளை தன்னால்தான் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளும்.

மாமனாரிடம் அதைக் கிளறுவதாக இருந்தால் மேசையில் வேண்டவே வேண்டாம். மாமியார் வழியாகத் தனியாகக் கேட்கலாம். "பேச விருப்பமில்லை" என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். அவர் விரும்பினால், நேராக அக்காவின் சாவில் தொடங்காமல் அந்த நோயின் கதையிலிருந்து வரச் சொல்லுங்கள். வரலாற்று ஆசிரியருக்கு அந்த வாசல் எளிது. 1796 மே 14 அன்று எட்வர்ட் ஜென்னர் என்ற ஆங்கிலேய மருத்துவர், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையில் இருந்த மாட்டம்மைக் கொப்புளத்துச் சீழை எடுத்து, தன் தோட்டக்காரரின் மகன் ஜேம்ஸ் ஃபிப்ஸ் கையில் கீறி வைத்தார். பையனுக்கு வயது 8. சில வாரம் கழித்து உண்மையான பெரியம்மைச் சீழையே அவனுக்குக் கீறி வைத்துப் பார்த்தார், நோய் வரவில்லை. தடுப்பூசியின் கதை அங்கே தொடங்குகிறது. இயற்கையாகப் பரவிய பெரியம்மை கடைசியாகத் தொற்றியது 1977இல், சோமாலியாவில் ஒரு மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலினுக்கு. அவர் பிழைத்தார், பின்னாளில் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்து உழைத்தார். 1980 மே மாதம் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதாரச் சபை அறிவித்தது.

இந்தக் கதையில் மூன்று பிள்ளைகளுக்கும் இடம் இருக்கிறது. எட்டு வயதுப் பையன்மேல் இப்படிச் சோதித்தது நியாயமா என்று உங்கள் மகன் வாதாடலாம். மாமனார் அந்த மருத்துவர் பக்கம் பேசினால் இன்னும் நல்லது, அவன் மடக்கட்டும். ஜேம்ஸுக்குப் பயமாக இருந்திருக்குமா என்று மகள் கேட்பாள். தாத்தா கையில் அம்மை குத்தின தழும்பு இருந்தால் சின்னவன் தொட்டுப் பார்க்கலாம். தன் அப்பா அம்மாவுக்கு ஏன் அந்தத் தழும்பு இல்லை என்று அவனே கேட்டால், 1980 என்ற ஆண்டுக்கு அவனளவில் ஒரு பொருள் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு அக்காவின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது முழுக்க முழுக்க மாமனாரின் விருப்பம்.

குடும்பக் கதைகள் பிள்ளைகளுக்கு எந்த அளவு உதவும் என்று நீங்கள் யோசிக்கலாம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் 20 எளிய கேள்விகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, வீட்டில் நடந்த பெரிய துயரம் எதுவும் தெரியுமா என்ற மாதிரி. அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. இதைக் கேட்டதும் அந்த 20 விடைகளையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு, உங்கள் மாமனார்கூடக் கிளம்பலாம்! விடைகள் மருந்து அல்ல என்று டியூக்கே எச்சரித்திருக்கிறார். விடைகள் தெரிய வேண்டுமானால் பல வருஷம் கூட உட்கார்ந்து யாராவது பேசியிருக்க வேண்டும், பயன் அந்த உட்காருதலில் இருக்கிறது. அவர்கள் கவனித்த இன்னொன்று: "நாங்கள் எப்போதும் உயர்ந்தவர்கள்" என்ற கதையைவிட, "ஏறினோம், விழுந்தோம், மறுபடி எழுந்தோம்" என்ற கதை பிள்ளைகளை அதிகம் தாங்குகிறது. மாமனார் தன் வெற்றிகளை மட்டும் சொல்கிறவராக இருந்தால், வேலை கிடைக்காமல் திரிந்த காலத்தைப் பற்றியும் கேளுங்கள்.

இவ்வளவையும் ஒரே விடுமுறையில் செய்யப் போகாதீர்கள். இந்த முறை மாமனாருக்கு ஒரு போன், கணவர் தன் அண்ணனிடம் பேசுவது, மகளின் கேள்விக்குப் பதில். இது போதும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். மகன் தனியாகச் சாப்பிடுவது மாமனார் வீட்டோடு நின்றுவிட்டதா, உங்கள் வீட்டிலும் தொடர்கிறதா என்று பாருங்கள். நண்பர்களோடு போவதைக் குறைத்துக்கொண்டது, தூக்கம் கெட்டது, வகுப்பில் கை தூக்கப் பயப்படுவது இவற்றில் ஏதாவது சில வாரங்களாகத் தென்பட்டால் காரணம் அந்த ஒரு இரவுச் சிரிப்பு மட்டுமாக இருக்காது. பள்ளி ஆலோசகரையோ குழந்தைகள் மனநல நிபுணரையோ விடுமுறைக்கு முன்பே அவனோடு நேரில் சென்று பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்